பதினோராவது வரி

"டீச்சர், பதினோரு வரி இருக்கு. நீங்க மனப்பாடம் பண்ணி வெச்சுக்கிடணும்."

படியேறி வந்த பலவேசம், மூச்சு வாங்கி முடிப்பதற்குள் கேட்டது இது.

எமிமாள் டீச்சர் நிமிர்ந்து பார்த்தார்.

அவருக்கு வயது முப்பத்து மூன்று. பலவேசத்துக்கு ஐம்பத்தாறு.

பாலிடெக்னிக்கில் நாலு வருஷம் பாடம் நடத்தியதில் டீச்சர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வேலையை விட்ட பிறகும் பெயர் போகவில்லை. அம்பாசமுத்திரத்தில் ஒரு வாடகைப் பாத்திரக் கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. அதில் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள். சனிக்கிழமைதோறும் யார் யாரோ வந்து சந்தேகம் கேட்பார்கள். டீச்சர் அதிகம் பேசமாட்டார். கீழே அண்டா உருட்டும் சத்தம்தான் அதிகம் கேட்கும்.

ஒருமுறை வந்தவர்களில் பாதிப் பேர் மறுமுறை வருவதில்லை. பலவேசம் மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தார். இந்த மூன்று வருஷத்தில் கேட்காத கேள்வியே இல்லை, இந்தப் பதினோரு வரியைப் பற்றித் தவிர.

டீச்சர் ஸ்டூலைக் காட்டினார். பலவேசம் உட்கார்ந்தார்.

அவருக்குக் கடம்பாற்று அணையில் வேலை. பதினான்கு வருஷமாக ஒப்பந்த ஊழியர். அணைக்கு மேலே ஆறு இடத்தில் ஆற்று மட்டத்தை அளக்கும் கருவிகள் இருக்கின்றன. அணைக்குக் கீழே நாலு ஊரில் அபாயச் சங்கு இருக்கிறது. நடுவில், கட்டுப்பாட்டு அறையில், ஒரு கம்ப்யூட்டர். மேலே தண்ணீர் ஏறினால் அது கீழே சங்கை ஊதும்.

அந்தக் கம்ப்யூட்டருக்குப் பதினோரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். தன் முகவரி ஒன்று. ஆறு கருவிகளுக்குப் போகும் பாதை ஆறு. நாலு சங்குக்குப் போகும் பாதை நாலு.

பதினொன்றும் பலவேசத்தின் தலையில் இருந்தன.

கரண்ட் போனால் பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். மழைக்காலத்தில் போன கரண்ட் அரை மணியில் வந்ததாக அந்தப் பக்கத்தில் யாரும் சொன்னதில்லை. கம்ப்யூட்டர் அணைந்துவிடும். திரும்பி எழும்போது அதற்கு எதுவும் தெரியாது. பலவேசம் போய் உட்கார்ந்து, பதினோரு வரியையும் தட்டுவார். ஊருக்குச் சங்கு திரும்பி வரும்.

"இப்ப எதுக்கு நான் மனப்பாடம் பண்ணணும்?" என்று கேட்டார் டீச்சர்.

திருநெல்வேலியில் டாக்டர் தேதி கொடுத்துவிட்டார் என்றார் பலவேசம். நெஞ்சைத் திறக்க வேண்டுமாம். அப்புறம் ஆறு வாரம் வீட்டைவிட்டு அசையக் கூடாதாம். தேதி விழுந்திருப்பது ஐப்பசியில்.

ஐப்பசி என்றதும் டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். இன்னும் வெயில்தான் அடித்துக்கொண்டிருந்தது.

அணையில் வேறு ஆள் இல்லையா என்று கேட்டார். ஆள் இருக்கிறது, ஆனால் பேப்பரில் எழுதிக் கொடுத்தால் போட்டோ எடுத்து எங்கெங்கோ அனுப்பிவிடுவார்கள் என்றார் பலவேசம். நம்பிக்கையான ஒருவர் தலையில் இருக்க வேண்டும். கரண்ட் போனால் அணையிலிருந்து டீச்சருக்குப் போன் வரும். டீச்சர் போய்த் தட்டிவிட்டு வந்தால் போதும்.

"திரும்பி வந்ததும் வாங்கிக்கிடுதேன்" என்றார், இரவல் குடையைப் பற்றிப் பேசுவதுபோல.

"மெஷின்லயே வைக்கலாமே."

"அதுல நிக்காது டீச்சர். கரண்ட் போனா மறந்துரும். நான் போய்ச் சொன்னாத்தான் அதுக்கு ஊரும் பேரும் தெரியும்."

"சரி. சொல்லுங்க."

பலவேசம் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். எண்களும் புள்ளிகளுமாக, ஒன்று முதல் பதினொன்று வரை, ஓர் இடத்திலும் தடுமாறவில்லை. அறையில் இருந்த மற்ற மூன்று பேரும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். முடித்தபோது அவர் முகத்தில் ஒரு பூரிப்பு இருந்தது. இருக்கட்டும், யாருக்கும் அது வரும்.

டீச்சர் பாராட்டவில்லை. மூலையில் இருந்த கம்ப்யூட்டரைக் காட்டினார்.

"அதுக்கு ஒரு முகவரி குடுங்க."

பலவேசம் ஒரு வரி தட்டினார். பக்கத்துக் கம்ப்யூட்டரிலிருந்து அதைக் கூப்பிட்டுப் பார்த்தார். பதில் வந்தது.

டீச்சர் குனிந்து, சுவரில் இருந்த சுவிட்சை அணைத்தார். பத்து எண்ணிவிட்டுப் போட்டார்.

கம்ப்யூட்டர் எழுந்தது. கூப்பிட்டுப் பார்த்தால் பதில் இல்லை.

"பார்த்தீங்களா? நான் சொன்னேம்லா" என்றார் பலவேசம்.

"திரும்பக் குடுங்க."

கொடுத்தார். டீச்சர் அணைத்தார். போட்டார்.

"திரும்ப."

மற்றவர்கள் சாப்பிடக் கிளம்பினார்கள். டீச்சர் அணைத்தார். போட்டார். பலவேசம் தட்டினார். கீழே கல்யாண வீட்டுக்காரர்கள் யாரோ வந்து குத்துப்போணிப் பாத்திரங்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். டீச்சர் அணைத்தார்.

பலவேசத்துக்கு விரல் வலித்தது. பசித்தது. கோபமும் வந்தது.

"டீச்சர், இப்படியே எத்தனை தடவை?"

"அதை நான்தான் உங்ககிட்ட கேக்கணும்" என்று சொல்லிவிட்டு டீச்சர் சாப்பிடப் போனார்.

அடுத்த சனிக்கிழமை பலவேசம் வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கம்ப்யூட்டரிடம் வாயால் சொல்வதுபோல் ஒரு கட்டளை தட்டினால், அது விழித்திருக்கும் வரை ஞாபகம் வைத்திருக்கும். தூங்கி எழுந்தால் போயிற்று. எழுந்த பிறகும் தெரிய வேண்டுமென்றால் ஹார்ட் டிஸ்க் என்னும் வட்டில் எழுதி வைக்க வேண்டும். எழும்போதெல்லாம் அது முதலில் அந்த எழுத்தைத்தான் படிக்கும். அந்த அறைக்கு வரும் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. பலவேசத்துக்கும் தெரியும். தெரியாதவர் மாதிரிப் பேசினார், அவ்வளவுதான்.

அவர் சொன்னது இது. அணைக் கம்ப்யூட்டரின் வட்டில் தேடியதில் முகவரி இருக்கும் ஃபைல் ஒன்று கிடைத்தது. அதில் பதினோரு வரியையும் எழுதினார். வெயில் அடிக்கும் நாளாகப் பார்த்து, பகலிலேயே ரீஸ்டார்ட் செய்தார். எழுந்த பிறகு திறந்து பார்த்தால் ஒரு வரிகூட இல்லை. ஃபைல் பழையபடி இருந்தது. பழையபடி உட்கார்ந்து பதினொன்றையும் தட்டிவிட்டு வந்தார்.

"எழுதினாலும் நிக்கல டீச்சர். நான் என்ன செய்ய?"

"வருத்தமா இருக்கா?"

"இருக்காதா பின்னே?"

டீச்சர் அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, அந்த ஃபைலைக் காட்டச் சொன்னார். பலவேசம் போனில் படம் எடுத்து வைத்திருந்தார்.

"வாசிங்க."

பலவேசம் தான் எழுதிய முதல் வரியிலிருந்து வாசித்தார்.

"அங்க இருந்து இல்ல. உச்சியில இருந்து."

உச்சியில் ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. பலவேசம் அதைத் தமிழில் சொன்னார். இந்த ஃபைலை எழுதுவது வேறொரு புரோகிராம். கையால் இதில் எதைத் திருத்தினாலும், அடுத்த முறை எழும்போது அது இருக்காது. இரண்டாவது வரியில் அந்தப் புரோகிராமின் பெயர் இருந்தது.

"இதை அன்னைக்கே பார்க்கலையா?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு?"

"புதுசா வாரவுகளுக்குப் போட்டிருக்குன்னு நெனச்சேன்."

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை. பலவேசமும் சிரித்தார், ஆனால் அது வேறு சிரிப்பு.

"அண்ணாச்சி, நீங்க எழுதினது சுவர்ல ஒட்டின நோட்டீஸ்ல. தினமும் ஒருத்தர் வந்து அதைக் கிழிச்சுட்டுப் புதுசு ஒட்டுதாரு. நோட்டீஸ் அடிக்கிறவர் யாருன்னு ரெண்டாவது வரியில பேர் போட்டிருக்கு. அவர்கிட்ட போய்ச் சொல்லுங்க."

எங்கே சொல்வது என்று பலவேசம் கேட்டார். அந்தப் புரோகிராமுக்கென்று ஒரு தனி ஃபோல்டர் இருக்கிறது, அதில் எழுதினால் அது மதிக்கும் என்றார் டீச்சர். ஃபோல்டரின் பெயரையும் சொன்னார். பலவேசம் எதையும் குறித்துக்கொள்ளாதவர். இதையும் குறித்துக்கொள்ளவில்லை. ஒருமுறை கேட்டால் போதும் அவருக்கு.

படியிறங்கும்போது அவர் முகத்தில், வந்தபோது இருந்த மலர்ச்சி இல்லை.

மூன்றாவது சனிக்கிழமை ஐப்பசி பிறந்திருந்தது. மேற்கே மலை மூடிக் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சேர இன்னும் நாலு நாள்.

பலவேசம் எல்லோருக்கும் பின்னால் உட்கார்ந்தார். ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மற்றவர்கள் போகும் வரை காத்திருந்தார்.

"எழுதியாச்சா?" என்று டீச்சரே கேட்டார்.

"ஆச்சு."

"அந்த ஃபோல்டர்லயா?"

"அதுலதான்."

"எத்தனை வரி?"

பலவேசம் தொண்டையைச் செருமினார்.

"பத்து."

"பதினொண்ணுன்னு சொன்னீங்க."

"ஒண்ணு எங்கிட்ட இருக்கட்டும்னு வெச்சேன்."

டீச்சர் காத்திருந்தார். பலவேசத்துக்கு அதற்குமேல் தாங்கவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

பதினான்கு வருஷமாக அவர் ஒப்பந்த ஊழியர்தான். கூட வந்தவர்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அணையில் எத்தனையோ பொறியாளர்கள் மாறிவிட்டார்கள். புதிதாக வருகிறவருக்கு முதல் மாதம் அவர் பெயர்கூடத் தெரியாது. மழை பெய்து ஒருநாள் கரண்ட் போகும். சங்கு நாலும் செத்துப்போகும். அப்போது எல்லோருக்கும் அவர் பெயர் தெரிந்துவிடும். வீட்டு வாசலுக்கு ஜீப் வரும். டிரைவர் முன்சீட்டுக் கதவைத் திறந்துவிடுவார். தெருவில் உள்ளவர்கள் பார்ப்பார்கள். போய் உட்கார்ந்து பதினோரு வரி தட்டுவார். பின்னால் பொறியாளர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். வட்டில் எழுதத் தெரியாமல் இல்லை. எழுதாமல் இருந்தார்.

இதையெல்லாம் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கடைசியில் மட்டும் தலையைத் தூக்கினார்.

"எல்லாத்தையும் எழுதிட்டா, அப்புறம் என்னை எதுக்குக் கூப்பிடுவாவ டீச்சர்?"

டீச்சர் நாற்காலியை அவர் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"எந்த வரியை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"கடைசி. ஆத்துப்பட்டி சங்குக்குப் போற பாதை."

"ஏன் அது?"

"சின்ன ஊரு. வீடெல்லாம் மேட்டுல. எம்புட்டு வந்தாலும் தண்ணி ஏறாது. யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"ஏறாத ஊருக்கு எதுக்குச் சங்கு?"

பலவேசம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கீழ வயல்ல வாத்துக்காரவ இருப்பாவ. கார் நெல் அறுப்பு முடிஞ்சதும் வாத்து மேய்க்க வருவாவ. இப்ப வந்திருக்காவ, நாலு குடும்பம்."

"தங்குறது எங்க?"

"ஆத்தோரம்தான். தார்ப்பாய் கட்டியிருக்காவ."

"ஆத்தைப் பத்தித் தெரியுமா அவுகளுக்கு?"

"எப்படித் தெரியும்? வெளியூர்க்காரவ."

"சங்கைத் தெரியுமா?"

"அது தெரியும். சங்குச் சத்தம் கேட்டா வாத்தைப் பார்க்கக் கூடாது, பிள்ளைகளைத் தூக்கிக்கிட்டு மேட்டுக்கு ஏறிரணும், கேக்காத வரைக்கும் பயமில்லாமப் படுங்கன்னு சொல்லியிருக்கு."

"யார் சொன்னது?"

பலவேசம் ஸ்டூலைவிட்டு எழுந்தார்.

டீச்சர் எழுந்து போய், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொன்றாக அணைக்க ஆரம்பித்தார். ஆறாவதை அணைத்து முடிக்கும்போது பின்னால் குரல் கேட்டது.

"நான்தான் டீச்சர்."

திரும்பிப் பார்த்தபோது அவர் படியில் பாதி இறங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் அணைக்குப் போய்ப் பதினோராவது வரியை எழுதினார். எழுதியதை மூன்று தடவை சரிபார்த்தார். ரீஸ்டார்ட் மட்டும் செய்யவில்லை. நாளைக்குச் செய்யலாம் என்று வந்துவிட்டார். திங்களும் அப்படியே போயிற்று. செவ்வாயும் அப்படியே போயிற்று.

புதன்கிழமை காலை மழை கொஞ்சம் விட்டிருந்தது. சாயங்காலத்துக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். மகள் பையைக் கட்டி வைத்துவிட்டு இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். இதோ வந்துவிட்டேன் என்று இரண்டு தடவையும் சொன்னார்.

கட்டுப்பாட்டு அறையில் உதவிப் பொறியாளர் இருந்தார். இந்த ஆனியில் வந்தவர், சின்ன வயசு. கம்ப்யூட்டரை அணைக்கப் போகிறேன் என்று பலவேசம் சொன்னதும் அவர் பதறிவிட்டார். நன்றாக ஓடுகிறதை எதற்கு அணைக்க வேண்டும், அதுவும் மழை நாளில், அதுவும் நீங்கள் ஊரில் இல்லாமல் போகிற நாளில் என்றார்.

"அதுக்காகத்தான் சார்" என்றார் பலவேசம்.

ஆறு கருவிகளின் மட்டத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளச் சொன்னார். மேலே எங்கும் ஏறவில்லை. பிறகு, பேட்டரியின் வயரைக் கழற்றினார். சுவிட்சை அணைத்தார்.

அறை அமைதியாகிவிட்டது. அந்த அறையில் எப்போதும் ஒரு விசிறிச் சத்தம் இருந்தது என்பதே அப்போதுதான் பொறியாளருக்குத் தெரிந்தது.

பலவேசம் நிதானமாகப் பத்து எண்ணினார். சுவிட்சைப் போட்டார்.

திரையில் எழுத்துகள் ஓடின. பலவேசம் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வெளியே விட்டால் அவை தட்டிவிடும்.

கம்ப்யூட்டர் எழுந்திருக்கக் கூடாது என்று ஒரு கணம் நினைத்தார். ஒரே ஒரு கணம்தான். நினைத்ததற்காக உடனே வெட்கப்பட்டார். பொறியாளருக்கு எதுவும் தெரியாது. அவர் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

கம்ப்யூட்டர் வட்டைப் படித்தது. தன் முகவரியை எடுத்துக்கொண்டது. முதல் கருவி வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றும் நாலும் சேர்ந்தே வந்தன. ஐந்தாவது கொஞ்சம் யோசித்து வந்தது. ஆறாவதும் வந்தது. தாளில் குறித்த மட்டமும் திரையில் வந்த மட்டமும் ஒன்றாக இருந்தன.

திரையில் சங்குகள் மூன்று பச்சையாயின.

ஆத்துப்பட்டி சிவப்பிலேயே இருந்தது.

பொறியாளர் ஏதோ சொல்ல வந்தார். பலவேசம் தலையசைத்துத் தடுத்தார். கைகளை எடுக்கவில்லை.

ஆத்துப்பட்டி பச்சையாயிற்று.

பலவேசம் போனை எடுத்து வாத்துக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். சோதனைக்காகச் சங்கை ஒரு தடவை ஊதப் போகிறேன், யாரும் மேட்டுக்கு ஏற வேண்டாம், காதில் விழுகிறதா என்று மட்டும் சொல்லுங்கள் என்றார். பொத்தானை அழுத்தினார். இரண்டு விநாடி கழித்துப் போனுக்குள்ளிருந்து சத்தம் வந்தது. காது கூசியது.

"கேக்குது" என்றார் வாத்துக்காரர். வாத்து எதுவோ நாற்றங்காலுக்குள் இறங்கிவிட்டதாம். போனை வைத்துவிட்டார்.

பொறியாளரின் முகம் தெளிந்தது. இனிமேல் கரண்ட் போனாலும் கவலையில்லை, அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றார் பலவேசம். பொறியாளர் நிம்மதியாக மதகைப் பார்க்கப் போனார். போகும்போது ஆபரேஷன் நல்லபடியாக நடக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல பையன்தான்.

பலவேசம் தனியாக உட்கார்ந்திருந்தார். மகளிடமிருந்து மூன்றாவது போன் வந்தது. எடுக்கவில்லை. வெளியே மழை மறுபடி பிடித்துக்கொண்டது. திரையில் மட்டங்கள் மாறிக்கொண்டே இருந்தன. அவர் செய்வதற்கு ஒன்றும் இல்லை. நெஞ்சு கனத்தது. அது டாக்டர் சொன்ன கனம் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது.

டீச்சரைக் கூப்பிட்டார்.

"டீச்சர், கரண்டை எடுத்துட்டுக் குடுத்தேன். எல்லாம் வந்துட்டு. பதினொண்ணும்."

"நீங்க என்ன தட்டினீங்க?"

"ஒண்ணும் தட்டல. அதுவே எந்திரிச்சு, அதுவே எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுது."

"இப்ப எங்க இருக்கீங்க?"

"மெஷின் முன்னாலதான்."

"எதுக்கு?" என்று கேட்டார் டீச்சர்.